முன்னோர் வழி: கெய்ரோ முதல் பாண்டுங் வரை

1905-ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் நடந்த ஒரு திருமணம் கடல் கடந்த பெரும் வாதத்திற்கு வித்தாயிற்று. மணமகள், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வழித்தோன்றல்கள் எனப் போற்றப்படும் ஹளரமௌத்து ஸையிது குடும்பம் ஒன்றைச் சேர்ந்தவர். மணமகன் ஓர் இந்திய முஸ்லிம். ஸையிது குலத்துப் பெண், அக்குலத்தவரல்லாத ஒருவரை மணப்பது மார்க்கப்படி செல்லுமா என்று இவ்வூர் அரபு மக்களிடையே பூசல் மூண்டது. வினா கடிதமாகிக் கப்பலேறிற்று. கெய்ரோ நகரில் வெளிவந்துகொண்டிருந்த ‘அல் மனார்’ இதழுக்குச் சென்றது. அதன் ஆசிரியர் ரஷீத் ரிளா, மணம் செல்லும் என்று விடை எழுதினார். அத்தாஸ் குலத்து அறிஞர் ஒருவர், செல்லாது என்று மறுத்தெழுதினார்.

அன்று சிங்கப்பூரில் ஆலிம்கள் இல்லாமல் இல்லை. மக்காவில் ஒவ்வொரு மத்ஹபுக்கும் முப்தி இருந்தார். அவர்களை விடுத்து, முப்பத்தொன்பது வயதேயான ஒரு பத்திரிகை ஆசிரியரை நாடி இவ்வூரார் ஏன் எழுதினார்கள்? இக்கேள்விக்கு விடை தேடினால், இன்று உலகெங்கும் பேசப்படும் ‘ஸலபிய்யா’ என்னும் இயக்கத்தின் வரலாற்றுக்குள் நுழைந்துவிடுவோம். அவ்வரலாற்றில் சிங்கப்பூருக்கு ஒரு பங்கு உண்டு. அதிலும், தமிழ் பேசும் குடும்பத்தில் இங்கே பிறந்த ஒருவருக்குப் பெரும் பங்கு உண்டு என்பதைப் பலர் அறியார்.

‘ஸலபு’ என்னும் அரபுச் சொல்லுக்கு ‘முன்சென்றோர்’ என்பது பொருள். நபிகள் நாயகத்தின் தோழர்கள், அவர்களைக் கண்டு கற்றவர்கள், அவர்களுக்கும் அடுத்து வந்தவர்கள் ஆகிய முதல் மூன்று தலைமுறையினரை அது குறிக்கும். இம்முன்னோரை மதிக்காத முஸ்லிம் எவரும் இலர். ஆகவே, அவர்களைப் பின்பற்றுக என்று சொல்வதனாலேயே ஒரு கட்சி உருவாகிவிடாது. இடைப்பட்ட ஆயிரம் ஆண்டுகளில் வளர்ந்த மத்ஹபுச் சட்டங்கள், தத்துவ வாதங்கள், ஸூபி நெறிகள், இறைநேசர் அடக்கத்தலங்களில் நடைபெறும் நேர்ச்சைகள் ஆகியவற்றுள் எதை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது என்று கேட்கும்போதுதான் கட்சி பிறக்கிறது. முன்னோரிடம் திரும்பிப் போகவேண்டும் என்போர், நடுவே நிற்பவர்களுள் யாரையோ விலகச் சொல்கிறார்கள்.

பழங்காலத்தில் ‘ஸலபு வழி’ என்றது பெரும்பாலும் இறையியல் நிலை ஒன்றையே. இறைவனுடைய பண்புகளைப் பற்றி வேதம் சொல்வதை, எவ்வாறு என்று வினவாமல் ஏற்றுக்கொள்வதே அது. குர்ஆன் படைக்கப்பட்டது என்று ஒப்புக்கொள்ளுமாறு பக்தாதின் கலீபா 833-இல் அறிஞர்களை நெருக்கியபோது, கசையடி பட்டும் இணங்க மறுத்த இமாம் அகமது இப்னு ஹன்பல் இந்நிலைக்குச் சான்றாவார். பின்னர் திமிஷ்க் நகரத்து இப்னு தைமிய்யா இதற்குப் புதுவலிவு ஊட்டி, கோட்டைச் சிறையிலேயே 1328-இல் உயிர் நீத்தார். அரசுக்குப் பணியாத அறிவு என்ற புகழ் இவ்வழிக்கு இவ்வாறு தொடக்கத்திலேயே வாய்த்தது.

பதினெட்டாம் நூற்றாண்டில் நிலைமை மாறிற்று. நடு அரேபியாவின் நஜ்து பகுதியில் முகம்மது இப்னு அப்துல் வஹ்ஹாப் என்பவர், கப்ருகளில் வேண்டுதல் செய்வது இறைவனுக்கு இணைவைப்பதே என்று முழங்கினார். 1744-இல் திர்இய்யா ஊரின் தலைவர் முகம்மது இப்னு சவூதுடன் அவர் செய்துகொண்ட உடன்படிக்கை, ஒரு கொள்கையை ஓர் அரசோடு பிணைத்தது. அவ்வரசு மக்காவையும் மதீனாவையும் கைப்பற்றிற்று. எகிப்தியப் படை 1818-இல் திர்இய்யாவைத் தரைமட்டமாக்கும் வரை அதன் கொடி பறந்தது. நஜ்து மக்கள் ஐரோப்பியரைக் கண்டு கவன்றவர் அல்லர். பாலைவனத்தில் அவர்களுக்குப் பகை, அண்டை ஊரின் அடக்கத்தலமே.

கெய்ரோவின் கதை முற்றிலும் வேறு. 1882-இல் ஆங்கிலேயர் எகிப்தைப் பிடித்தனர். அக்கிளர்ச்சியில் தொடர்புடையார் என்று நாடு கடத்தப்பட்ட முகம்மது அப்துஹு, தம் ஆசான் ஜமாலுத்தீன் அப்கானியுடன் சேர்ந்து 1884-இல் பாரிசு நகரிலிருந்து ‘அல் உர்வத்துல் உத்கா’ என்னும் இதழை நடத்தினார். பதினெட்டே இதழ்கள் வந்தன. ஆங்கிலேயர் அதனை எகிப்திலும் இந்தியாவிலும் நுழையவொட்டாமல் தடுத்தனர். ‘நாம் ஏன் வீழ்ந்தோம்?’ என்பதே அதன் பக்கங்களில் ஓயாது ஒலித்த கேள்வி. மார்க்கம் நம்மை வீழ்த்தவில்லை. ‘தக்லீது’ எனப்படும் கண்மூடிப் பின்பற்றலே வீழ்த்திற்று. முதல் தலைமுறையினர் அறிவைக்கொண்டு ஆய்ந்தது போல நாமும் ஆய்தல் வேண்டும் என்பது அப்துஹு கண்ட விடை.

தாயகம் திரும்பிய அப்துஹு 1899-இல் எகிப்தின் தலைமை முப்தியானார். 1903-இல் தென்னாப்பிரிக்காவின் டிரான்சுவாலிலிருந்து ஒரு முஸ்லிம் மூன்று வினாக்களை விடுத்தார்: ஐரோப்பியத் தொப்பி அணியலாமா? கிறித்தவர் அறுத்த இறைச்சியை உண்ணலாமா? ஒரு மத்ஹபினர் மற்றொரு மத்ஹபு இமாமின் பின்னால் தொழலாமா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்றே விடை வந்தது. கெய்ரோவில் பெருங்கூச்சல் எழுந்தது. பழமைக்குத் திரும்பச் சொன்ன ஒருவர் வழங்கிய தீர்ப்பு, பிறர் ஆட்சியில் சிறுபான்மையாக வாழும் முஸ்லிமின் அன்றாட வாழ்வை எளிதாக்கிற்று என்பதைக் கவனித்தல் வேண்டும்.

இவ்விடத்தில் பெயரைப் பற்றி ஒரு சொல். அப்துஹு ‘ஸலபி’ என்ற கட்சிப் பெயரைத் தமக்குச் சூட்டிக்கொண்டவர் அல்லர். 1897-இல் வந்த அவருடைய ‘ரிஸாலத்துத் தவ்ஹீது’ நூலின் முதற்பதிப்பில், குர்ஆன் படைக்கப்பட்டது என்னும் கருத்தை ஒட்டிய ஒரு பகுதி இருந்தது. இமாம் அகமது எதை மறுத்துக் கசையடி பட்டாரோ அதே கருத்து! பின்வந்த பதிப்புகளில் அது நீக்கப்பெற்றது. அப்கானி, அப்துஹு ஆகியோரின் இயக்கத்திற்கு ‘ஸலபிய்யா’ என்று பெயரிட்டவர், 1919-ஆம் ஆண்டளவில் எழுதிய பிரெஞ்சு அறிஞர் லூயி மாசிஞோன் என்றும், கெய்ரோவில் 1909-இல் தொடங்கிய ‘ஸலபிய்யா’ புத்தகசாலையின் பெயரே அவரை அவ்வாறு எண்ணச் செய்தது என்றும் ஹென்ரி லோசியேர் 2010-இல் வாதிட்டார். பிராங் கிரிபெல் போன்றோர் இதனை மறுத்துள்ளனர். பெயர் இல்லாவிடினும் பொருள் இருந்தது என்பது அவர்கள் துணிபு. ஒரு கடைப் பலகையிலிருந்து ஓர் இயக்கத்திற்குப் பெயர் வந்தது என்பது சுவையான கதையே. ஆயினும் அதனினும் முக்கியமானது, ஒரே பெயரின் கீழ் நஜ்தும் கெய்ரோவும் பின்னாளில் வைத்து எண்ணப்பட்டன என்பது.

அவ்விரண்டையும் இணைத்த பாலம் ரஷீத் ரிளா. சிரியாவின் திரிப்போலி நகருக்கு அருகில் 1865-இல் பிறந்தவர் அவர். (அவ்வூர் இன்று லெபனானைச் சேர்ந்தது.) அப்துஹுவைத் தேடிக் கெய்ரோ வந்து, 1898-இல் ‘அல் மனார்’ இதழைத் தொடங்கினார். அச்சொல்லுக்குக் கலங்கரை விளக்கு என்பது பொருள். அதன் ஒளி எட்டிய துறைமுகங்களுள் சிங்கப்பூரும் ஒன்று. இங்கே 1906 சூலை 23-ஆம் நாள் ‘அல் இமாம்’ என்னும் மலாய்த் திங்களிதழ், அதனையே முன்மாதிரியாகக்கொண்டு பிறந்தது. ரிளாவின் நண்பரும் அல் அஸ்ஹரில் கற்றவருமான மினாங்கபாவ் நாட்டு ஷேக் தாஹிர் ஜலாலுத்தீன் அதன் முதல் ஆசிரியர். மலாக்காவில் பிறந்த ஸையிது ஷேக் அல் ஹாதி அதன் பேனா. 1908 திசம்பரில் நின்றுபோவதற்குள் முப்பத்தோரிதழ்களே வந்தன. ஆயினும் மலாய் உலகம் அதன் பின்னர் ‘காவும் மூடா’ எனவும் ‘காவும் துவா’ எனவும் இளையோர், மூத்தோர் கட்சிகளாகப் பிளவுபட்டது.

மேலோட்டமாக நோக்கினால் அவர்கள் சச்சரவுகள் சிறியனவாகத் தோன்றும். தொழுகை தொடங்குமுன் ‘உஸல்லீ’ என்று நிய்யத்தை வாயால் மொழிவதா? அடக்கம் செய்தபின் மண்மேட்டருகே தல்கீன் ஓதுவதா? 1937-இல் கிளந்தானில், அரச குடும்பத்தார் ஒருவர் வளர்த்த நாயின் எச்சிலைப் பற்றிக் கோத்தாபாருவில் பெருங்கூட்டத்தின் முன் ஆலிம்கள் வாதாடினார்கள். ஷாபியீ மத்ஹபுப்படி நாயின் எச்சில் தீட்டு. மண் கலந்தது உட்பட ஏழு முறை கழுவவேண்டும். மாலிக்கீ மத்ஹபில் அவ்வளவு கடுமை இல்லை. ஷாபியீயாகப் பிறந்தவர் இதற்கு மட்டும் மாலிக்கீயைப் பின்பற்றலாமா? இதனை வீண்வாதம் என்று தள்ளுவது தவறு. 1874-ஆம் ஆண்டுப் பங்கோர் உடன்படிக்கை முதலாக, ஆங்கிலேயர் மலாய் அரசர்களிடம் விட்டுவைத்த பெரும் அதிகாரம் மார்க்கமும் மலாய் மரபுமே. அம்மார்க்க அதிகாரம் ஷாபியீ நூல்களின் மேலும், அரசர் அமர்த்திய முப்தியின் மேலும் நின்றது. ‘ஆதாரம் எங்கே?’ என்று ஒருவர் கேட்டால் அந்நாற்காலி ஆடும். நாயின் பெயரால் நடந்தது அதிகாரத்தைப் பற்றிய வழக்கே.

இதற்கிடையில் ரிளாவே மாறிக்கொண்டிருந்தார். 1920-இல் திமிஷ்க் நகரில் கூடிய சிரியப் பேராயத்திற்கு அவர் தலைமை தாங்கினார். சில மாதங்களில் பிரெஞ்சுப் படை நகரைப் பிடித்தது. 1924 மார்ச்சு 3-ஆம் நாள் துருக்கி கிலாபத்தை ஒழித்தது. அடுத்த ஆண்டு அலி அப்துர் ராசிக் என்ற எகிப்திய நீதிபதி, கிலாபத் மார்க்கத்தின் கட்டளையே அன்று என்று நூல் எழுதினார். அவரும் அப்துஹுவின் சிந்தனை வழியில் வந்தவரே. ஆயினும் அவரை வன்மையாகத் தாக்கியவர்களுள் ரிளாவும் ஒருவர். அல் அஸ்ஹர் அவரை ஆலிம் பட்டியலிலிருந்து நீக்கிற்று. ஐரோப்பியர் கைப்படாத முஸ்லிம் ஆட்சியை ரிளா தேடினார். 1924-இல் மக்காவையும் 1925-இல் மதீனாவையும் கைப்பற்றிய நஜ்தின் இப்னு சவூதிடம் அதனைக் கண்டார். மதீனாவின் பகீ அடக்கத்தலத்துக் கவிமாடங்கள் இடிக்கப்பட்டு, முஸ்லிம் உலகம் கொதித்தெழுந்த காலத்தில், ‘அல் மனார்’ நஜ்துக்காரருக்காக வாதாடிற்று. அதன் அச்சகம் அவ்வரசர் செலவில் நஜ்து நூல்களை வெளியிட்டது. 1935 ஆகஸ்டில், சூயஸ் துறையில் சவூதி இளவரசரை வழியனுப்பிவிட்டுக் கெய்ரோ திரும்பும் வழியில், காரிலேயே ரிளாவின் உயிர் பிரிந்தது. அவர் கொள்கையை விற்றார் என்பார் உளர். நான் அவ்வாறு எண்ணவில்லை. தோல்வியின் மேல் தோல்வி கண்ட ஒருவர், நிற்பதற்கு ஓரிடம் தேடினார். ஆனால் அவ்விடத்தின் விலையை அவருக்குப் பின் வந்தோர் கொடுக்கலாயினர்.

இனி நம் ஊர்க்காரரிடம் வருவோம். ஏ. ஹஸ்ஸான் 1887-இல் சிங்கப்பூரில் பிறந்தவர். தந்தையார் அகமது, தமிழிலும் மார்க்கத்திலும் வல்லவர் என்றும், ‘நூருல் இஸ்லாம்’ என்னும் தமிழ் இதழின் ஆசிரியராக இருந்தவர் என்றும் அவர் வரலாறு எழுதியோர் கூறுவர். சிறுவன் ஹஸ்ஸான் தமிழ், மலாய், அரபு, ஆங்கிலம் ஆகிய நான்கையும் கற்றான். பன்னிரண்டு வயதில் உறவினர் கடையில் வேலைக்குப் போனான். பின்னர் இந்திய முஸ்லிம்களின் மதராசாக்களில் ஆசிரியர் பணி. ‘உத்துசான் மெலாயு’ பத்திரிகையில் எழுத்துப் பணி. 1921-இல் துணிக்கடை ஒன்றைக் கவனிக்க ஜாவாவின் சுரபாயாவுக்குச் சென்றார். அங்கே அப்துல் வஹாப் ஹஸ்புல்லா என்ற ஆலிம், ‘உஸல்லீ’ மொழிவதற்கு ஆதாரம் என்ன என்று வினவ, ஹஸ்ஸான் நூல்களைப் புரட்டிப் பார்த்தும் ஆதாரம் காணவில்லை. அன்றே தம் சிந்தை திரும்பியது என்பது அவர் வரலாற்றில் வழங்கும் செய்தி. கேள்வி கேட்ட அதே வஹாப் 1926-இல் மரபுநெறி காக்கும் நஹ்ளதுல் உலமாவைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரானார். வரலாற்றின் குறும்பு இது!

நெசவு கற்கப் பாண்டுங் சென்ற ஹஸ்ஸான், 1923-இல் அங்கே தொடங்கப்பெற்றிருந்த ‘பெர்சத்துவான் இஸ்லாம்’ சங்கத்தில் சேர்ந்து அதன் பேராசானானார். ஆதாரம் இல்லாத எதனையும் ஏற்கமாட்டார், வாதத்திற்கு அஞ்சமாட்டார். தேசியவாதத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. இனப்பற்றின்மேல் கட்சி கட்டுவது, நபிகள் நாயகம் கண்டித்த பழைய அரபுக் குலவெறியின் மறுபிறப்பே என்றார்.

அத்தகையவருக்கு நாடுகடத்தப்பட்ட தேசியத் தலைவர் ஒருவர் கடிதம் எழுதினார் என்பதுதான் இவ்வரலாற்றின் நயமான பகுதி. 1934-இல் டச்சுக்காரர் சுகர்ணோவைப் புளோரஸ் தீவின் எண்டே என்னும் சிற்றூருக்கு அனுப்பினர். அங்கிருந்து அவர் பாண்டுங்கிலிருந்த ஹஸ்ஸானுக்குப் பன்னிரண்டு கடிதங்கள் எழுதினார். நூல்கள் கேட்டார், வந்தன. முந்திரிப் பருப்பும் வந்தது. மூடநம்பிக்கைகளைச் சாடினார், தக்லீதைச் சாடினார், முதற்காலத்து இஸ்லாத்தின் வேகத்தை மீட்கவேண்டும் என்றார். இப்னு சவூதின் வரலாறு ஒன்றை ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்து, பணமுடை தீர அதனை அச்சேற்ற வழிதேடினார். சொல்லுக்குச் சொல் ஒத்துப்போனவர்கள் போலவே இருவரும் தோன்றுகின்றனர். 1936-இல் அக்கடிதங்கள் நூலாகவே வந்தன.

நான்காண்டு கழித்து அவ்வொற்றுமை உடைந்தது. பெங்கூலூவுக்கு மாற்றப்பட்டிருந்த சுகர்ணோ, 1940-இல் மேடானின் ‘பஞ்சி இஸ்லாம்’ இதழில் கட்டுரைகள் வரைந்தார். அவற்றுள் ஒன்றில் மீண்டும் ஒரு நாய் வருகிறது. வீட்டுத் தண்ணீரை நாய் நக்கிவிட்டது என்று வளர்ப்பு மகள் வந்து சொல்ல, சவர்க்காரமும் கிரியோலினும் இட்டுக் கழுவு என்கிறார். ஏழு முறை, மண்ணிட்டு என்று நபிமொழி உண்டே என்று பிள்ளை கேட்கிறாள். அக்காலத்தில் சவர்க்காரமும் கிரியோலினும் இல்லையே என்று விடை தருகிறார் தந்தை. துருக்கி, மதத்தையும் அரசையும் பிரித்ததையும் அவர் பரிவோடு எழுதினார். இஸ்லாத்தைப் பற்றிய விளக்கத்தை ‘மெமுடாக்கான்’, அதாவது இளமையாக்கவேண்டும் என்பது அவர் முழக்கம். ஹஸ்ஸான் எழுதிய மறுப்பின் தலைப்பு ‘மெம்புடாக்கான்’ என்று தொடங்கிற்று. ‘புடாக்’ என்றால் மலாயாவில் நமக்குச் சிறுவன், இந்தோனேசியாவில் அடிமை. இளமையாக்குவதாகச் சொல்லி அடிமையாக்குகிறீர் என்பது ஒரே எழுத்து வேற்றுமையில் விழுந்த அடி.

கிளந்தான் நாயையும் பெங்கூலூ நாயையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இருவர் கேள்வியும் முன்னோரை நோக்கியதே. முன்னோரின் நோக்கத்தைப் பற்றிக்கொள்ளவேண்டும், நோக்கம் தூய்மை, கருவி மாறலாம் என்றார் சுகர்ணோ. நோக்கம் எது என்று தீர்மானிக்கும் உரிமையை உமக்கு யார் தந்தார், நபிமொழி சொன்னது ஏழு முறை என்றார் ஹஸ்ஸான். மத்ஹபு இமாம்களை நடுவிலிருந்து விலக்கியபின், இவ்விருவர்க்கும் இடையே நடுவர் எவரும் மிஞ்சவில்லை. தக்லீதை உடைத்தவர்கள் எதிர்பாராத நிலை இது. என் கணிப்பில், ஸலபிய்யாவின் அரசியல் முழுதும் இவ்வெற்றிடத்தில் நடந்ததே.

ஹஸ்ஸானின் மாணவர் முகம்மது நத்சீர் அவ்வெற்றிடத்தைப் பாராளுமன்றத்தைக்கொண்டு நிரப்ப முயன்றார். துருக்கியைப் பற்றிய சுகர்ணோவின் கட்டுரைகளுக்கு விரிவாக மறுப்பெழுதியவர் அவரே. 1950-இல் அதே சுகர்ணோவின் கீழ்ப் பிரதமரானார். அவருடைய மஷூமி கட்சி 1955 தேர்தலில் 57 இடங்களைப் பெற்றது. 1960-இல் சுகர்ணோ அக்கட்சியைக் கலைத்தார். நத்சீர் சிறை சென்றார். ஹஸ்ஸான் இவற்றைக் காணவில்லை. கிழக்கு ஜாவாவின் பாங்கில் ஊரில் தாம் 1940 முதல் நடத்திய கல்விக்கூடத்தை விட்டு 1958-இல் மறைந்தார். விடுதலையான நத்சீருக்கு அடுத்து வந்த ஆட்சியும் அரசியலில் இடந்தரவில்லை. 1967-இல் அவர் அமைத்த தக்வா மன்றம், இந்தோனேசிய மாணவரைச் சவூதிப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பும் வாயிலாயிற்று. 1980-இல் ரியாதின் இமாம் முகம்மது இப்னு சவூது பல்கலைக்கழகம் சக்கர்த்தாவிலேயே கிளை திறந்தது. ரிளா 1925-இல் நடந்த பாதையில், வேறு தோல்விக்குப் பின், நத்சீரும் நடந்தார்.

அக்கிளையில் கற்றுத் திரும்பியோரிற் பலர் தம் ஆசான்களின் ஆசானாகிய நத்சீரின் வழியை ஏற்கவில்லை. கட்சியும் தேர்தலும் முன்னோர் அறியாத புதுமைகள் என்று ஒதுக்கினர். அவர்களுள் ஜாபர் உமர் தாலிப் என்பவர் பாங்கிலில் ஹஸ்ஸானின் கல்விக்கூடத்திலும், பின்னர் சக்கர்த்தாக் கிளையிலும் பயின்று, ஏமன் வரை சென்று கற்றவர். 2000-இல் மலுக்குத் தீவுகளில் கிறித்தவருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே கலவரம் நடந்தபோது, ‘லஸ்கர் ஜிஹாத்’ என்ற படையைத் திரட்டி அங்கே ஆயிரக்கணக்கானோரை அனுப்பினார். புறப்படுமுன் சவூதியிலும் ஏமனிலும் இருந்த ஆலிம்களிடம் பத்வா கேட்டு வாங்கினார். 2002 அக்டோபரில் அப்படை கலைக்கப்பட்டது. அதற்கும் அரேபியாவிலிருந்து ஒரு பத்வா வந்திருந்தது.